ஜூலியின் குட்டிகளும் நான் சொல்லாமல் விட்டதும்

கோபி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சகத்திலிருந்து வந்தது. முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி உன் அம்மா சாமி படத்தின் முன்னால் வைத்தாள். அடுத்தது யாருக்கு என்று கேட்டாள். காவாந்தண்டலம் முனுசாமி வீட்டுக்கு என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்பாய். 'யாரு நைனா இவங்க, நமக்கு இன்னா ஒறவு' என்பாய். உறவு எதுவும் இல்லை. நம் நாய் ஜூலி போட்ட குட்டி ஒன்று அவர்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் வளர்ந்தது. அதை வைத்து நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. இந்த ஐந்து வருஷமாக நாம் போனில் பேசுவதெல்லாம் 'சாப்டியா', 'அங்க மழயா', 'இரு, அம்மாவாண்ட குடுக்கறேன்' என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இப்போதெல்லாம் ஒரு பக்கம் எழுதினாலே விரல் மரத்துப்போகிறது.

ஜூலியின் குட்டிகளில் நாம் வைத்துக்கொண்ட பிங்கிக்கும் ஆரம்பித்துவிட்டது. நீ அன்றைக்குச் சொன்னது போலவேதான். போன கார்த்திகையில் ஒரு காலை அது வாசலில் நடந்துவரும்போது சிமெண்டுத் தரையில் சர், சர் என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். வலது பின்னங்காலின் இரண்டு நகம் தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது. பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்துக்கொண்டு நடக்கிறது, அது அதற்கே தெரியவில்லை. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஜூலிக்கு வந்ததுதான?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்து அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் ஏரிக்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போகிறாள். என் இடுப்புக்கு அந்தக் குனிவு ஒத்துவரவில்லை.

ஜூலியை நாம் கொண்டுவந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது ஒன்பதாவது படித்தாய். நல்ல அல்சேஷன் குட்டி, காது இன்னும் நிமிராத வயசு. நான் பால் சொசைட்டியில் பால் பரிசோதனை செய்துகொண்டிருந்த காலம். ஜூலி முதல் ஈற்றுக்குப் போட்ட குட்டிகளைப் பார்த்துவிட்டு ஜனங்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். 'சொசைட்டிக்காரர் வூட்டு நாய்' என்று ஒரு பேர் உண்டாகிவிட்டது. வாலாஜாபாத்திலிருந்தெல்லாம் பைக்கில் வந்து, குட்டி போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள். கோபி, உனக்கு இதை எப்படிச் சொல்வது? என் வாழ்நாளில் என்னை யாரும் எதற்காகவும் தேடி வந்ததில்லை. பாலை அளந்து, டிகிரி பார்த்து, 'தண்ணி கீது, எடுத்துக்கினு போ' என்று சொல்லுகிறவனை யார் தேடி வருவார்கள்? அந்த நாய்களால்தான் ஊரில் நாலு பேர் என்னைச் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். அந்த முகங்களை விட எனக்கு மனசில்லை. பின்னால் நான் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடியில் கிடந்தது என்று இப்போது தெரிகிறது.

ஒன்பது வயதில் ஜூலி பின்னங்கால் இழுக்க ஆரம்பித்தது. யாரோ அடித்திருப்பார்கள் என்றேன். பூச்சிக்கடி என்றார்கள் சிலர். கண் திருஷ்டி என்று பூசணிக்காய்கூட உடைத்தோம். ஆறேழு மாதத்தில் பின்பாதி முழுசும் விழுந்துவிட்டது. முன்கால் இரண்டாலும் உடம்பை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பால்காரனைப் பார்த்துக் குரைக்கும். நீ பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்தவன், அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். பிறகு பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்து ஜூலியின் கன்னத்தின் உள்பக்கத்திலும் பிங்கியின் கன்னத்திலும் தேய்த்து, உறையில் போட்டுப் பேர் எழுதினாய். மனுஷர் ரத்தத்தைப் பரிசோதிக்கிற வேலைக்குப் போனவன் நாய் எச்சிலை எடுத்துக்கொண்டு போகிறானே என்று நான் கிண்டல் பண்ணினேன். "இது தண்டுவடத்துல வர்ற வியாதி நைனா. பரம்பரையா வரும். டெஸ்ட் பண்ணிப் பாத்துர்லாம்" என்றாய்.

முடிவு வந்த அன்று நீ போனில் எனக்குப் பாடம் எடுத்தாய். ஒவ்வொரு நாய்க்கும் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வருகிறது. அதில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குட்டிக்குக் கடத்திவிடும். இரண்டுமே பழுதாக இருந்தால் வயசான காலத்தில் கால் விழலாம் என்றாய். ஜூலிக்கு இரண்டும் பழுது. பிங்கிக்கும் இரண்டும் பழுது. "கட்டாயம் வரும்னு இல்ல நைனா, வர்லாம். ஆனா வந்தா மருந்து கெடயாது. பிங்கிய இனிமே எதோடயும் சேக்காத" என்றாய். பிறகு கேட்டாய்: "இப்ப எங்கயாவது சேத்துட்டியா?"

இல்லை என்று சொன்னேன்.

பிங்கி அப்போது ஒரு மாதச் சினை. பழையசீவரத்தில் ஒரு ஆண் நாயிடம் விட்டுக் கூட்டிவந்திருந்தேன். உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போனை வைத்ததும், "ஏன்யா பொய் சொன்ன? அவனாண்ட சொன்னா இன்னா, கடிச்சிடுவானா?" என்றாள். அவனுக்கு என்ன தெரியும், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு என்று கத்தினேன். குட்டி பிறப்பதை நான் தடுத்திருக்க முடியாது, அது வேறு. பிறந்த ஆறு குட்டிகளை வாங்க வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'வர்லாம்' என்று நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வரலாம் என்றால் வராமலும் போகலாம் இல்லையா? அந்த ஆண் நாய் நல்ல நாயாக இருந்தால் குட்டிகளுக்கு ஒரு பழுதோடு போய்விடும் இல்லையா? நாய்க்குப் பின்னங்கால் விழுவதற்கு எட்டு வருஷம், பத்து வருஷம் ஆகும். அதற்குள் எத்தனையோ நடக்கும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குட்டிக்கும் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி, சிரித்துக்கொண்டே கொடுத்து அனுப்பினேன்.

உன் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் வாங்கிப் போனான். அவன்தான் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டான், 'உங்க பிங்கி குட்டிடா, செமயா கீது' என்று. நீ அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமையே வந்து நின்றாய். செருப்பைக்கூட கழற்றாமல், "நைனா, பால்ல தண்ணி கலந்துக்கினு வந்தா நீ வாங்குவியா?" என்று கேட்டாய். வேறு எதையாவது நீ கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "வூட்டு விஷயத்த ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியறதுக்கா ஒன்ன படிக்க வெச்சேன்?" என்று நான் கேட்டேன். நீ சாப்பிடாமல் போனாய். அம்மா செய்திருந்த மீன்குழம்பு மறுநாள் வரைக்கும் அப்படியே இருந்தது.

அந்தப் பால் விஷயத்தைப் பற்றி உனக்கு முழுதாகத் தெரியாது. உன் பெரியப்பா என்னோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தது ஏன் என்று நீ சின்ன வயசில் கேட்டாய். நிலத் தகராறு என்று சொல்லிவைத்தேன். நிலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு நாள் அவர் கொண்டுவந்த பாலில் தண்ணீர் இருந்தது. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, "அண்ணன்னா இன்னா, தம்பின்னா இன்னா, தண்ணி தண்ணிதான்" என்று சத்தமாகச் சொல்லிக் கேனைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய முகம் எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். உன் அம்மா, "பால திருப்பினது சரி. அத்தினி பேருக்கு முன்னால அத ஏன் சொன்ன?" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. பிறத்தியார் தப்பை ஊர் கேட்கச் சொல்வதற்கு எனக்குத் தொண்டை இருந்தது. என் தப்பு என்று வந்தபோது அந்தத் தொண்டை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இனி முனுசாமி வீட்டு விஷயம். இதுதான் உனக்குத் தெரியாதது.

ஜூலியின் முதல் ஈற்றுக் குட்டி ஒன்றை முனுசாமி வாங்கிப் போனார். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவரும் அவர் சம்சாரம் தனமும் மட்டும்தான், பிள்ளை இல்லை. குட்டிக்கு ஹீரோ என்று பேர் வைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் சொசைட்டி வாசலுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அங்கே போய் உட்காருவது உனக்குத் தெரியும். "ஹீரோக்குப் பின்னங்கால் வர்ல. நீங்க ஒருவாட்டி வந்து பாருங்க. ஒங்களுக்குத் தெரியாததா" என்றார். அப்போதே எனக்கு என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

பம்புசெட்டுக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் ஹீரோ படுத்திருந்தது. ஜூலியின் முகம், அப்படியே. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தது. முன்பாதி எழுந்தது, பின்பாதி வரவில்லை. முனுசாமி அதன் இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கருவாடு காய வெச்சிருந்தா. அத எடுத்துட்டுதுன்னு வெறவுக் கட்டய வுட்டு அடிச்சா. இடுப்பு மேல பட்டுது. அடுத்த மாசமே கால் இஸ்த்துக்க ஆரம்பிச்சிது. பத்து வருசம் புள்ள மாரி வளத்தத ஒரு கருவாட்டுக்கு முடமாக்கிட்டா." சொல்லும்போது அவர் சம்சாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. தனம் காபி டம்ளரோடு கொட்டகை ஓரமாக நின்றிருந்தாள். எனக்குக் கொடுத்தாள், அவருக்குக் கொடுத்தாள், நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நாய்க்குப் பக்கத்தில் அவள் வரவில்லை.

"நீங்க சொல்லுங்க" என்று முனுசாமி கேட்டார். "ஒரு வெறவுக் கட்ட பட்டா இப்பிடி ஆவுமா?"

கோபி, எனக்கு எல்லாம் தெரியும். நீ சொல்லி, காகிதத்தில் எழுதி, ஜூலியை என் கையால் புதைத்து, எல்லாம் தெரியும். தனம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை முனுசாமி, இது பிறப்பிலேயே வந்தது, என் வீட்டிலிருந்து வந்தது' என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆவலாம். வயசும் ஆவுது இல்ல" என்றேன்.

தனம் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் என்னைத் திரும்ப சொசைட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "பேஜார் புடிச்ச பொம்பள" என்று முனகிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நான் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது, அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

இதன் நடுவில் ஒரு சின்ன சங்கதி. கல்யாணத்தின்போது நான் பிளஸ் டூ பாஸ் என்று உன் அம்மா வீட்டில் சொல்லியிருந்தோம். நான் கணக்கில் பெயில். பதினோரு வருஷம் கழித்து ரேஷன் கார்டு தேடும்போது மார்க் ஷீட்டை அவள் பார்த்துவிட்டாள். நான் பயந்தேன். அவள், "முதல் நாளே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். பதினோரு வருசம் ஒன்னாத் தின்னுட்டு, ஒன்னாப் படுத்துட்டு, இத ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தியே, அதான் ஒரு மாரி கீது" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் எது சொன்னாலும் ஒரு வினாடி யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாள். அந்த ஒரு வினாடி எவ்வளவு நீளம் என்பது கட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். உனக்கும் கவிதாவுக்கும் நடுவில் அந்த வினாடி வராமல் பார்த்துக்கொள். வேறு பெரிய புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பிங்கியின் நகம் தேய்வதைப் பார்த்த அன்று எனக்கு ஜூலி ஞாபகம் வரவில்லை, ஹீரோவும் வரவில்லை. நாலடி தள்ளி நின்ற தனம்தான் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பிங்கியை ஒரு நாளும் ஒரு கட்டையாலும் அடித்ததில்லை. அதற்கும் கால் இழுத்துக்கொள்கிறது. இதை ஒருவர் போய் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், அதை நான்தான் சொல்ல வேண்டும் என்பது மூன்று நாள் என்னை உட்கார விடவில்லை. நாலாம் நாள் பஸ் ஏறினேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். கேட்டு முடித்ததும் அவள், "நாஷ்டா துன்னுட்டுப் போ. அங்க ஒன்னும் குடுக்க மாட்டாங்க" என்றாள்.

பம்புசெட்டுப் பக்கத்தில் சாக்கு இல்லை. ஹீரோ செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலி ஓரமாகப் புதைத்திருக்கிறார்கள். முனுசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தனம் முறத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஜூலிக்கு வந்தது, நீ பரிசோதனை செய்தது, இரண்டு பக்கமும் பழுது என்று முடிவு வந்தது, பிங்கிக்கும் இப்போது வந்திருப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். "கட்ட பட்டதால வந்ததில்லம்மா. நீ அடிக்காட்டியும் வந்திருக்கும். அது என் வூட்டுல இருந்து வரும்போதே கொண்டாந்தது" என்றேன்.

கடலை உரிக்கிற கை நின்றுவிட்டது. அவள் கேட்டாள்.

"அன்னிக்கு ஆவலாம்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா."

"தெரிஞ்சிதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சிதான் சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கப்புறம் நான் அதத் தொடவே இல்லண்ணா. என் கை மேல பட்டா பயந்துக்குமோன்னு. சோத்தத் தட்டுல போட்டு, குச்சியால தள்ளி வெப்பேன். அது துன்னாம என்னியே பாத்துக்கினு கெடக்கும். இவ ஏன் கிட்ட வர மாட்டன்றான்னு நெனச்சிருக்கும் இல்ல? ஒரு வருசத்துக்கு மேல அப்பிடியே கெடந்துச்சி. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பக்கத்துல குந்திக்கினு இருந்திருப்பேன்."

நான் தப்பு செய்தால் நாய்க்கு வியாதி வரும், வாங்கினவர்கள் திட்டுவார்கள், பேர் கெடும், இவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியிருந்தது. ஒரு பெண் தன் கையை ஒரு வருஷத்துக்கு மேல் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு வாழ்வாள், ஒரு நாய் ஏன் என்று தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டே சாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முனுசாமி ரோடு வரைக்கும் கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும், "அவகிட்ட நான் பேசறதே இல்ல. வேலை சொல்வேன், அவ்ளோதான். நாய அடிச்சவன்னு ஒறவுக்காரங்க முன்னாலயே சொல்லிக் காட்டியிருக்கறேன்" என்றார். பிறகு, "உங்கள ஒரு அறை உடணும் போல கீது. வயசானவராப் பூட்டீங்க" என்றார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போய் அவளிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று யோசித்திருப்பார். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

அதற்கப்புறம் பிங்கியின் ஆறு குட்டிகளையும் தேடிப் புறப்பட்டேன். பழையசீவரத்து ஆண் நாய் செத்துப்போய்விட்டது, அதைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. எந்தக் குட்டிக்கு ஒன்று, எந்தக் குட்டிக்கு இரண்டு என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். உன் தோழனுக்கு நீ அன்றைக்கே சொல்லிவிட்டாய், அது ஒரு வீடு. ஒரு குட்டி செங்கல் சூளைக்குப் போனது. போன வருஷம் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டதாம். காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற வீட்டில் ஒன்று. அந்தப் பெரியவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே, "அஞ்சி வருசம் கழிச்சி வந்து சொல்றியே, நீ மனுசனா?" என்று தறி நிற்கிற அளவுக்குச் சத்தம் போட்டார். தெருவே வந்து நின்றது. உன் பெரியப்பாவின் முகம் அன்று எப்படிப் போயிற்றோ, என் முகமும் அப்படித்தான் போயிருக்கும். சத்தம் போட்டு முடித்துவிட்டு அவரே நாயைக் கூப்பிட்டு வாயைத் திறந்து பிடித்தார். நம் ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா குச்சி கொடுத்து, எடுக்கும் விதமும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நாய்க்கு ஒரு பழுதுதான். போய்ச் சொன்னேன். கதவைத் திறக்காமல் ஜன்னலிலிருந்தே கேட்டுக்கொண்டார்.

கோயில் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் வீட்டில் இருக்கிற குட்டிக்கு இரண்டும் பழுது. அவர் கோபப்படவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம். உடம்பு கனக்க விடாதீர்கள், தினமும் நடத்துங்கள், வழுக்குகிற தரையில் சாக்கு விரியுங்கள், குட்டி எடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். அது அவர் காலடியில் படுத்துக்கொண்டு செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. பழையசீவரத்திலேயே ஒருவர் பெண்குட்டி எடுத்திருந்தார். அது இரண்டு ஈற்றுப் போட்டுவிட்டது. குட்டிகள் செங்கல்பட்டு, அரக்கோணம் என்று எங்கெங்கோ போய்விட்டன. யார் யார் என்று அவருக்கே தெரியவில்லை. "வுடுங்க, நாய்தான. நமக்கே எது எப்போ வருதுன்னு தெர்ல" என்றார். குச்சி வைக்கவும் விடவில்லை. அங்கிருந்து திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, கால்தான் வலித்தது. நான் அன்றைக்கு உன்னிடம் சொன்ன ஒரு 'இல்லை' எந்த ஊரில் எந்த வாசலில் படுத்துக்கொண்டிருக்கிறதோ, அதைத் தேடிப் போக எனக்கு இனிமேல் ஆயுசு போதாது.

கூரத்து வீடு ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு நாளைக்குப் போகிறேன். நீ கல்யாண வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. இது நீ எனக்காகச் செய்கிற காரியமாக ஆகிவிடக் கூடாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீ சொன்னது சரி, நான் சொன்னது பொய். அதை உன்னிடம் என் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். போன வாரம் மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தனம் தனியாக நின்றிருந்தாள். கையில் ஒரு பையில் வேர்க்கடலை. என்னிடம் பேசவில்லை, உன் அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு, "எங்கக்கா அது?" என்று கேட்டாள். அம்மா கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். முருங்கை நிழலில் பிங்கி படுத்திருந்தது. தெரியாத ஆளைக் கண்டால் உறுமுகிற நாய், அன்றைக்கு உறுமவில்லை. தனம் சற்று நேரம் தள்ளியே நின்றாள். பிறகு கிட்டே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அதன் முதுகில் கையை வைத்து, மெதுவாகப் பின்னால் கொண்டுபோய், இடுப்பின் மேல் நிறுத்தினாள்.

"இங்க தொட்டா வலிக்குமாக்கா அதுக்கு?"

"வலியே இல்லன்றாங்க. தூக்கி வெக்கத்தான் தெர்ல அதுக்கு."

"ஹீரோக்கும் வலிச்சிருக்காதா?"

"வலிச்சிருக்காது" என்றாள் உன் அம்மா.

நான் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அந்த இடத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

உன் நைனா